ஏட்டம்மா நெற்றியில் இரண்டு கோடு

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீடு போய்ச் சேர்ந்து, கூடிப் பேசி முடித்த கையோடு போன் பண்ணிவிட்டார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இசக்கிச்செல்விதான் பேசினாள். தென்காசியில் பெண்ணின் அப்பா பரமசிவன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி செய்துதான் அவருக்குப் பழக்கம்.

"அண்ணாச்சி, பிள்ளைய எங்க எல்லாத்துக்கும் பிடிச்சுப் போச்சு. புவனேஷும் சரின்னுட்டான். ஒண்ணே ஒண்ணுதான் மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு. மதினிக்கு இதுல இஷ்டம் இல்லையோ?"

"யாருக்கு, மாரித்தாய்க்கா?"

"ஆமா. நாங்க உள்ள வந்ததுலேர்ந்து வெளிய போற வரைக்கும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே இருந்தாக. எங்க ஆளுகளும் அதத்தான் கேக்காக. பெத்தவளுக்கு மனசில்லாத வீட்டுல எதுக்குப் போயி நிக்கணும்ங்காக."

மாரித்தாய் அடுக்களை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கழுவி முடித்த தட்டு. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பையன் நிதானமாகப் பேசினான். உட்காருவதற்கு முன்னால் பரமசிவனுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தான். அதைக் கவனித்ததுமே மாரித்தாய்க்கு மனசு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் சொல்லியிருந்ததைவிட ஏழு பேர் கூட என்பதால் கேசரி பத்துமா என்று ஒரு கவலை, அவ்வளவுதான்.

"அது அவ மூஞ்சி, தங்கச்சி. எங்க கல்யாண போட்டோவுலயே அப்படித்தான் நிப்பா" என்று பரமசிவன் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"சரி அண்ணாச்சி. ஆவணி மொத முகூர்த்தத்துல நிச்சயத்த வச்சுக்கிடுவோம். அன்னைக்காவது மதினி கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்தாகன்னா எங்க ஆளுக வாய அடைச்சிருவேன். இல்லன்னா நாலு பேரு நாலு பேச்சு பேசுவாக. நாளைக்கு அங்க வந்து இருக்கப்போற பிள்ளைக்குத்தான் அது சங்கடம்."

போன் வைத்த பிறகு பரமசிவன் திரும்பி மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"பாப்போம்ப்பா" என்று சொல்லிவிட்டு அனுசியா எழுந்து உள்ளே போனாள். போகும்போது ஒரு தரம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாரித்தாய் தட்டை வைத்துவிட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் நேர்க்குத்தாக இரண்டு கோடு. மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து கிளம்பி நெற்றியில் அரைவாசி வரைக்கும் ஏறி நின்றன. சிரித்துப் பார்த்தாள். வாய் சிரித்தது, கன்னம் சிரித்தது, அந்த இரண்டு கோடும் அசையவில்லை. சிரித்துக்கொண்டே யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆய்க்குடிப் பக்கம் வயக்காட்டில் வெயிலுக்குக் கண்ணை இடுக்கி வளர்ந்த பெண். இருபத்திரண்டு வயதில் போலீஸ் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு தேரோட்டம், தேர்தல், மறியல், மந்திரி வருகை என்று எத்தனையோ நாள் ரோட்டோரம் நின்றாயிற்று. இப்போது நாற்பத்தெட்டு. தலைமைக் காவலர், ஊர் வாயில் ஏட்டம்மா. ஆனால் கோடு இவ்வளவு ஆழமாக உழுதுகொண்டு போனதற்குக் காரணம் குற்றாலம்தான். கடைசிப் பதினோரு வருஷமாகச் சீசன் தவறாமல் பேரருவியில் பெண்கள் பக்கத்து டியூட்டி அவளுக்கு.

அருவிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். தண்ணீர் விழுகிற சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. விசில் ஊதினால், விசில் என்று ஒன்று வாயில் இருக்கிறது, அவ்வளவுதான். தலை நிறைய எண்ணெயோடு உள்ளே போன பெண் வெளியே வர மாட்டாள். பின்னால் நூறு பேர் நனைந்துகொண்டு நிற்பார்கள். யாராவது ஒருத்தி கம்பியைத் தாண்டிப் பாறைப் பக்கம் நகர்வாள். புதிதாக வருகிற காவலர்கள் முதல் நாள் தொண்டை கிழியக் கத்துவார்கள், இரண்டாம் நாள் தொண்டை இருக்காது. மாரித்தாய் கத்தியதே இல்லை. ஒருத்தியின் கண்ணைப் பிடிப்பாள். புருவத்தை நெரிப்பாள். முகவாயை லேசாக வெளிப்பக்கம் அசைப்பாள். பத்து எண்ணுவதற்குள் ஒரு வரிசையே வெளியே வந்துவிடும். பாஷை தேவையில்லை. மலையாளம் பேசுகிற பெண்களும் வருவார்கள், தெலுங்கு பேசுகிறவர்களும் வருவார்கள்.

ஸ்டேஷனில் அவளுக்கு இரட்டைக்கோடு என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. பெருமையாக இருந்ததுதான் இன்றைக்குப் பெண்ணின் கல்யாணத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் பக்கத்துத் தெரு பியூட்டி பார்லருக்குப் போனாள். அந்தப் பெண் கோல்டு பேஷியல் என்று ஒன்றரை மணி நேரம் முகத்தைப் பிசைந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பரமசிவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கோடு ரெண்டையும் பாலிஷ் போட்டுட்டு வந்திருக்கியோ?" என்று கேட்டார். அத்தோடு பார்லர் முடிந்தது.

அடுத்த யோசனை எப்சிபாவினுடையது. எப்சிபா அவளோடு அருவி டியூட்டி பார்க்கும் இளவயதுக் காவலர். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. "அக்கா, இதுக்கு ஊசி இருக்கு. எங்க சித்தி மக போட்டிருக்கா. தென்காசியிலயே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. போய்க் கேட்டுட்டாவது வாங்க. கேக்கதுக்கு என்ன?"

குற்றவாளியைப் பின்தொடர்ந்து போகும்போதுகூட மாரித்தாய் அவ்வளவு பதுங்கிப் போயிருக்க மாட்டாள். மப்டியில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தெரிந்த ஆள் யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அந்தத் தோல் டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்தாள். டாக்டர் லோகநாயகிக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான் இருக்கும். நெற்றி வழவழவென்று இருந்தது. இவளே போட்டிருப்பாளோ என்று மாரித்தாய்க்கு உடனே ஒரு போலீஸ் சந்தேகம் வந்தது.

டாக்டர் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். "கோபப்படுங்க."

மாரித்தாய் கோபப்பட்டாள். டாக்டர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள்.

"போதும் போதும். இப்ப சும்மா இருங்க. பாருங்க, கோபப்படும்போது மட்டும் விழுகிற கோடு ஒரு வகை. சும்மா இருக்கும்போதும் போகாம நிக்கிற கோடு இன்னொரு வகை. உங்களுக்கு ரெண்டாவது. தசை மடிஞ்சு மடிஞ்சு தோல்ல தடம் விழுந்துட்டு."

"அழிக்கலாமா டாக்டரம்மா?"

"ஒவ்வொண்ணாச் சொல்றேன். அவசரப்படாமக் கேளுங்க."

டாக்டர் நிதானமாகச் சொன்னாள். இரவில் தேய்க்கிற கிரீம் ஒன்று உண்டு. மூன்று நாலு மாசம் விடாமல் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மங்கும், தோல் தெளியும். இந்த ஆழத்துக்கு அது மட்டும் போதாது. லேசர் உண்டு, ஆசிட் வைத்துத் தோலை உரிப்பதும் உண்டு. ஆனால் பகல் முழுக்க வெட்டவெளியில் நிற்கிறவர்களுக்கு, அதிலும் நம் நிறத்துக்கு, கவனம் தப்பினால் கருந்திட்டு விழுந்துவிடும். கோட்டுக்குள் ஜெல்லை வைத்து மேடாக்குகிற ஃபில்லர் உண்டு.

"அத நல்லதாச் சொல்லுதாங்களே?" என்றாள் மாரித்தாய். இரண்டு நாளாக அவளும் போனில் பார்த்து வைத்திருந்தாள்.

"கன்னத்துக்கு வேணும்னா போடுவேன். புருவத்துக்கு நடுவுல நான் போட மாட்டேன். அங்க ஓடுற ரத்தக்குழாய்க்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கு. தப்பாப் போச்சுன்னா பார்வையே போயிரும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை."

டாக்டருக்குத் தைரியம் இல்லாதது மாரித்தாய்க்குப் பிடித்திருந்தது. அந்த இடத்தில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"கடைசியா போடாக்ஸ் ஊசி. புருவத்த நெரிக்கிற தசைக்குள்ள அஞ்சு இடத்துல சின்னச் சின்னதாப் போடுவேன். தசை ஓய்வெடுத்துக்கும். நாலஞ்சு நாள்ல தெரிய ஆரம்பிக்கும், ரெண்டு வாரத்துல முழுசாத் தெரியும். மூணு நாலு மாசம் நிக்கும், பிறகு பழையபடி ஆயிரும். உங்க தடம் அடியோட போகாது, பாதிக்கு மேல மங்கும். சிலருக்குத் தலைவலி வரும். எங்கோ ஒருத்தருக்கு இமை கொஞ்சம் இறங்கி, சில வாரத்துல சரியாகும். எதையும் மறைக்கக் கூடாதுல்ல."

மாரித்தாய் விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். ஆடி நடுவில் போட்டால் ஆவணி முகூர்த்தத்துக்கு நெற்றி தெளிந்திருக்கும். நல்ல காரியத்தை ஆடியில் தொடங்க மாட்டார்கள்தான். ஊசி நல்ல காரியமா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

"ஊசி போட்ட பெறகு இப்படிப் புருவத்த நெரிக்க முடியுமா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "முடியாது. அதுக்குத்தானே போடுறோம்."

"அப்ப என் டியூட்டி?" என்றாள் மாரித்தாய்.

அருவி விஷயத்தை அவள் விளக்கிச் சொன்ன பிறகு டாக்டர் சிரிக்கவில்லை. அளவைக் குறைத்துப் போடலாம், தசை கொஞ்சம் அசையும், கோடும் கொஞ்சம் நிற்கும் என்றாள். பாதிக் கோபத்தை வைத்துக்கொண்டு நூறு பேரை எப்படி வெளியே கூப்பிடுவது என்று மாரித்தாய்க்குப் புரியவில்லை. யோசித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லி டாக்டர் அனுப்பி வைத்தாள்.

"ஊசி போட்டா எப்படி இருக்கும்னு ஊசி இல்லாமயே பாத்திருவோம்" என்றாள் எப்சிபா மறுநாள் காலையில். அவள் கையில் மெடிக்கலில் வாங்கிய பிளாஸ்திரி இருந்தது. மாரித்தாயின் புருவங்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு துண்டை ஒட்டி, தொப்பியை இறக்கி மறைத்துவிட்டாள். "இப்பக் கோவப்படுங்க அக்கா."

"பட்டுக்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன்."

"தெரியவே இல்ல!" என்று எப்சிபா கை தட்டினாள்.

அன்றைக்குப் பகல் பூராவும் மாரித்தாய் அந்தப் பிளாஸ்திரியோடு நின்றாள். முதல் ஒரு மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அவள் கண்ணைப் பிடித்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, திரும்பவும் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தார்கள். ஒருத்தி தன் கைப்பையை அவளிடம் நீட்டி, வைத்திருங்கள் என்று ஜாடை காட்டிவிட்டுப் போனாள். கைப்பையோடு நிற்கிற ஏட்டம்மாவைப் பார்த்து எப்சிபா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம், குளித்து உடுத்திப் படியேறி வந்த ஒரு கூட்டம் அவளருகே நின்றது. கடையநல்லூர்க்காரர்கள். நடுவில் இருந்த பெரிய மனுஷி போனை அவளிடம் நீட்டினாள். "எம்மா, எங்க எல்லாத்தையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துத் தாயேன். எம் மவன் ஆதம் துபாய்ல இருக்கான். அம்மா குத்தாலம் போகலியான்னு தெனமும் கேக்கான்." மாரித்தாய் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று போதாது என்று மூன்று எடுத்தாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு, "தங்கமான பொண்ணா இருக்க. நான் பாத்திமுத்து. கடையநல்லூருக்கு வந்தா வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு சீசனில் ஒருத்தரும் அவளிடம் போட்டோ எடுத்துத் தரச் சொன்னதில்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, ஆனால் மாரித்தாய்க்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இருபத்தாறு வருஷமாகத் தன்னைப் பார்த்து எத்தனை பேர் இப்படிக் கேட்க வந்துவிட்டுக் கேட்காமல் போனார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் அருவியின் நிறம் மாறியது. மேலே மலையில் மழை பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் கலங்கிச் சருகுகளோடு வந்தது. அபாயச் சங்கு ஊதுவதற்கு இன்னும் சில நிமிஷங்கள் ஆகும். அதற்குள் ஆட்களை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். மாரித்தாய் கையை வீசினாள். உள்ளே இருந்தவர்கள் பதிலுக்குக் கையை வீசினார்கள். ஒரு சின்னப் பெண் பறக்கும் முத்தம்கூடக் கொடுத்தாள். மாரித்தாய் தொப்பியைத் தள்ளி, பிளாஸ்திரியைத் தோலோடு பிய்த்து எறிந்துவிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் வெளியே வந்தார்கள். சங்கு ஊதும்போது பெண்கள் பக்கம் காலியாக இருந்தது.

முகம் இப்படி இருந்தால் வேலை நடக்கிறது, அப்படி இருந்தால் மனுஷர் பக்கத்தில் வருகிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் எப்படி? இரண்டு நாள் யோசித்து, கடைசியில் வேலையை மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்தாள். இன்ஸ்பெக்டரிடம் போய், உடம்புக்கு முடியவில்லை, கார் நிறுத்துகிற இடத்தில் டியூட்டி கொடுங்கள் என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் சலுகை அது. உடனே கிடைத்தது. அருவிக்கு எப்சிபாவோடு இன்னும் இரண்டு பேரைப் போடுவதாகச் சொன்னார்கள். "எம் மூஞ்சிக்கு எவக்கா பயப்படுவா?" என்று எப்சிபாதான் கலங்கிப் போய்க் கேட்டாள்.

இனித் தடை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் சொன்னாள். சாரல் நாளில் துணி காய்வது கஷ்டம். கூடத்தில் கயிறு கட்டி ஃபேனைச் சுழலவிட்டிருந்தார்கள். அனுசியா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு.

"நாளைக்குப் போயி நெத்தியில ஊசி போடப் போறேன்ட்டி. ஒன் நிச்சயத்துக்குள்ள இந்தக் கோடு மறஞ்சிரும்."

அனுசியாவுக்கு மருந்து தெரியும். என்ன ஊசி என்று கேட்கவில்லை. ஈரச் சட்டையின் கையை நீவிக்கொண்டே, "அப்ப எனக்கு எப்படித் தெரியும்மா?" என்றாள்.

"எது?"

"நீ வேண்டாம்னு சொல்லுதது."

மாரித்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. "நான் எதட்டி வேண்டாம்னேன்?"

அனுசியா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பிளஸ் டூ முடிச்சு எனக்குக் கோயம்புத்தூர்ல அக்ரி சீட்டு கெடச்சுதே. நீ டியூட்டி முடிஞ்சு வந்து நின்ன. யூனிபார்மக்கூட மாத்தல. லெட்டரக் கொண்டாந்து காட்டினேன். நீ படிச்ச. புருவம் ரெண்டும் சேந்துச்சு. நான் லெட்டர வாங்கி உள்ள வச்சுட்டேன். மறுநா இங்கனயே பார்மஸி படிக்கேன்னு சொன்னேன்."

"ஒனக்கு ஆஸ்டல் பயம்னு நெனச்சேனேட்டி!"

"எனக்கு என்ன பயம்? ஒனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

மாரித்தாய் மடித்த துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. லெட்டரைப் படிக்கும்போது என்ன யோசித்தாள் என்பதும் நினைவிருந்தது. கோயம்புத்தூருக்கு எந்த ரயில், பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை நாள் லீவு கேட்பது, சீசன் நேரத்தில் கொடுப்பார்களா என்றுதான் யோசித்தாள். மறுநாள் காலையில் பஜாரில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை போகவில்லை என்கிறாள். சின்னப் பிள்ளைதானே, வீட்டைவிட்டு இருக்க மாட்டாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டு பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஏழு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"நான் வேண்டாம்னு வாயத் திறந்து சொன்னேனா?" என்று கேட்டாள்.

"சொல்லல. நீ எதத்தாம்மா வாயத் திறந்து சொல்லியிருக்க? சின்னதுலேர்ந்து ஒன் நெத்தியத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் மாரித்தாயை உலுக்கிவிட்டது. அருவிக்கரையில் பேச்சு எடுபடாது, முகத்தால் சொல்லியாக வேண்டும். வீட்டில் என்ன அருவியா விழுகிறது? யூனிபார்மை மாற்றினாளே தவிர முகத்தை மாற்றவில்லை, வாயையும் திறக்கவில்லை. ஊரையே வெளியே கூப்பிட்ட முகம், பெற்ற பிள்ளையையும் ஒரு இடத்துக்குப் போகவிடாமல் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளையின் ஏழு வருஷம். அதை எந்த ஊசி போட்டு எடுப்பது? அவள் அழுதாள். மகள் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

அழுகை ஓய்ந்ததும் இன்னொரு பயம் வந்தது. "அப்ப அன்னைக்கு... புவனேஷ் வந்தபோதும் என் நெத்தியப் பாத்துத்தான் 'பாப்போம்'னியா?"

அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரித்தாய் வலது கையை விரித்துத் தன் நெற்றியை மூடிக்கொண்டாள். இரண்டு புருவமும் உள்ளங்கைக்குள் மறைந்தன. "இப்பச் சொல்லு. என்னப் பாக்காத. ஒனக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

அனுசியா கையிலிருந்த ஈரச் சட்டையைக் கயிற்றில் போட்டாள்.

"பிடிச்சிருக்கும்மா."

"எனக்கும் பிடிச்சிருக்குட்டி. ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் மாரித்தாய், கையை எடுக்காமல்.

மறுநாள் குறித்த நேரத்துக்கு அவள் கிளினிக்குக்குப் போனாள். இந்தத் தடவை தலையை மூடிக்கொள்ளவில்லை. டாக்டர் கையுறை மாட்டத் தொடங்கியதும் மாரித்தாய் தடுத்தாள்.

"இப்ப வேண்டாம் டாக்டரம்மா. சீசன் முடியட்டும். தை மாசம் கல்யாணத்த வச்சுக்கிடலாம்னு பேச்சு. ஐப்பசி கடைசியில வந்து போட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் அந்தக் கிரீமக் குடுங்க."

"நிச்சயதார்த்தத்துக்குத்தான் அவசரம்னீங்க?"

"ஊசி போட்டா மூஞ்சி வேண்டாம்னு சொல்லாது. சரின்னும் சொல்லாதுல்லா? அதையும் எம் மவ பாத்து வேற எதையாவது நெனச்சுக்கிடுவா. ஒரு தடவ வாயாலச் சொல்லிப் பழகிக்கிடுதேன். பெறகு எனக்காகப் போட்டுக்கிடுதேன். எனக்கு ஆசையாத்தான் இருக்கு" என்றாள். ஆசையாக இருக்கிறது என்பதைச் சொல்லும்போது வெட்கம் வந்தது. டாக்டர் கிரீமை எழுதி, பட்டாணி அளவுதான், இரவில் மட்டும், பகலில் சன்ஸ்கிரீன் மறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய், கார் நிறுத்தம் வேண்டாம், அருவியிலேயே நிற்கிறேன் என்று சொன்னாள். எப்சிபா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் தென்காசியில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம் நடந்தது. வீரகேரளம்புதூரிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். மாரித்தாய் அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். மூன்று வாரம் தேய்த்த கிரீம் முகத்தைக் கொஞ்சம் தெளிய வைத்திருந்தது, கோடு இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருத்தராக அந்தக் கோட்டைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கிச்செல்வியின் முகம் வாடிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் காதில் ஏதோ சொன்னாள்.

பத்திரிகை எழுதி வாசித்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் வழக்கம்போலக் கேட்டார்: "பொண்ணு வீட்டுக்காரங்களுக்குச் சம்மதந்தானா?"

இதற்குப் பெண்ணின் அப்பா பதில் சொல்வார், இல்லையென்றால் தாய்மாமன் சொல்வார். அம்மாவை யாரும் கேட்பதில்லை, அவளும் பேசுவதில்லை. பரமசிவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்குச் சம்மதம்!" என்றாள் மாரித்தாய்.

பழக்கம் இல்லாத வாய். எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அருவிக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள். மண்டபம் கப்பென்று அடங்கியது. மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். பந்தி பரிமாறக் காத்திருந்தவர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நிறுத்தத் தெரியாமல் மேலும் சொன்னாள். "மதினி, இந்தச் சம்பந்தம் எனக்கு ரொம்பச் சந்தோசம். ஒங்க புவனேஷ எனக்கு வந்த அன்னைக்கே பிடிச்சுப் போச்சு. என் மூஞ்சி இப்படித்தான். அதப் பாத்து யாரும் ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. எதுன்னாலும் என்கிட்டக் கேளுங்க, நான் வாயாலச் சொல்லுதேன்."

இசக்கிச்செல்வி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது, பரமசிவனும் சிரித்தார். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அனுசியா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, உடுத்தியிருந்த புதுப்புடவை நனைய நனைய அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் அவளைத் தேற்றினார்கள். மாரித்தாய்க்குத் தெரியும். அவள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இந்தத் தடவை மெதுவாக, "சந்தோசமா இருக்கும்மா எனக்கு" என்று இன்னொரு தரம் சொன்னாள்.